நர்சம்மாவின் அரைத்தாள்

பட்டம் பெறும் பிள்ளைகளே, பொதுச் சுகாதாரத் துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி தருமபுரி மாவட்டத்தில்தான் கழிந்தது. அந்த உரிமையில் ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். செய்ய வேண்டியதை எழுதிவைக்கும் பழக்கம்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்க வேண்டாம். 2009 ஜனவரியில் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. டெல்லி உட்பட உலகின் 8 நகரங்களில், அறுவை அரங்குகளில் 19 வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படிக்கச் செய்தார்கள். நோயாளி இவர்தானா, எந்தப் பக்கத்தில் அறுவை, ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா என்பது போன்ற கேள்விகள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. கைதேர்ந்த மருத்துவர்களுக்கே ஞாபகம் மட்டும் போதவில்லை.

ஆனால் இந்தப் பாடத்தை நான் முழுதாகக் கற்றது சித்தேரி மலையடிவாரத்தில், ஒரு கிராம சுகாதார செவிலியரிடம். ஊருக்கு அவர் நர்சம்மா. புதன்கிழமை தடுப்பூசி நாள். செவ்வாய் மாலை துணை சுகாதார நிலையத் திண்ணையில் உட்கார்ந்து, பெரிய பதிவேட்டைப் பார்த்து மறுநாளைக்கான டியூ லிஸ்ட்டை, அதாவது ஊசி போட வேண்டியவர்களின் பட்டியலை, ஓர் அரைத்தாளில் எழுதுவார். பெயர், வீடு, எந்த ஊசி. ஓரத்தில் இன்னொரு கட்டம் இருக்கும்: ஆள் ஊரில் இல்லையென்றால் எங்கே? ‘தாய்வீடு, ஊத்தங்கரை’, ‘செங்கல் சூளை’, ‘பெங்களூர், கட்டட வேலை’ என்று அதில் குறித்திருப்பார். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் ஜனங்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. அந்த ஓரக் கட்டம் இல்லாவிட்டால் பாதிக் குழந்தைகள் கைநழுவிப் போயிருக்கும்.

பிறகு கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய ‘பிக்மி’ இணையதளம் வந்தது. அதிலும் அவர் ஒரு பெயர் விடாமல் ஏற்றினார். அரைத்தாளையும் விடவில்லை. ஏன் இரட்டை வேலை என்று கேட்டேன். “சார், கம்ப்யூட்டர்ல பேர் அதுபாட்டுக்கு இருக்கும். இதுல நான் எழுதினாத்தான் இருக்கும்” என்றார்.

ஆடி மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வேண்டிய ஒரு பெண் குழந்தை, பெற்றோருடன் பெங்களூர் போய்விட்டது. நர்சம்மா அந்தப் பெயரை அடிக்கவில்லை. வாராவாரம் புதுத் தாளில் திரும்ப எழுதினார். ஆயுத பூஜை போயிற்று, தீபாவளி போயிற்று. பொங்கலுக்குக் குடும்பம் ஊருக்கு வந்தது. மாட்டுப் பொங்கலன்றே அந்த வீட்டு வாசலில் போய் நின்று, புதன்கிழமை ஊசி போட்ட பிறகுதான் வண்டி ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் புதன்கிழமை ஊசியும் போட்டார்.

கையால் திரும்ப எழுதுவதன் பலம் இதுதான். இந்த வேலை இன்னும் வேண்டுமா, இன்றாவது முடியுமா என்று ஒவ்வொரு முறையும் நாமே முடிவு செய்தாக வேண்டும். பல செல்போன் செயலிகளில் முடிக்காத வேலை தானாகவே அடுத்த நாளுக்கு நகர்ந்துவிடும்; கொஞ்ச நாளில் கண் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிடும்.

இதை மாவட்டக் கணக்கோடும் சேர்த்துப் பாருங்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான். 2011-ல் 913. காரணங்கள் பல. ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரையும் எழுதிவைத்து, பிரசவத்துக்குப் பிறகும் வீடு தேடிப் போன நர்சம்மாவைப் போன்ற செவிலியர்களும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவுக்குக்கூட இப்படி ஒரு வழி இருந்தது: சந்தைக்குக் கிளம்பும்போது துண்டின் நுனியில் முடிச்சுப் போடுவார். ஒரு முடிச்சு, ஒரு வேலை. நான் விடுதியில் படித்த காலத்தில் தேர்வுக்கு முன் புத்தகம் புத்தகமாகப் புரட்டும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் ஞாபகத்துக்கு வரும். உடனே படிக்க வேண்டியதைச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிடுவேன்.

செல்போன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மாதங்கள், வருடங்கள் தள்ளி வரும் தேதிகளைத் தாள் காப்பாற்றாது. நர்சம்மா மாற்றலாகிப் போனபோது அடுத்து வந்தவருக்குக் கைகொடுத்ததும் கணினியில் இருந்த பதிவுதான். தூரத்துத் தேதிகளும் பிறரும் பார்க்க வேண்டியவையும் செல்போனில் இருக்கட்டும். நாளைய வேலை ஐந்தாறு வரியாகச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ தாளில் இருக்கட்டும்.

உங்களில் பலர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யப் போகிறீர்கள். அதை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். பதிவு செய்த அன்றே, கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் மணியடிக்கும்படி செல்போனில் போட்டுவையுங்கள். பதிவுக்கு எடுத்துப் போக வேண்டிய சான்றிதழ்களை இன்றிரவே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகக் கோப்பில் வைத்த பிறகு அடித்துவிடுங்கள்.