இதுவும் ஒரு வெற்றியா?

 



இன்று உங்களோடு ஓர் உதைபந்தாட்டப் போட்டியைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். ஒரு மௌலவிக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணக் கூடும். அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் அஸர் தொழுகை முடிந்து மஃரிபின் அதான் ஒலிக்கும் வரை எங்களுக்கிருந்த ஒரே விளையாட்டு அதுதான். ஆகவே, பந்தை நான் அறிவேன். பந்தைப் பார்த்துக் கொண்டிருப்பவனின் நாவையும் அறிவேன். இன்றைய பேச்சு அந்த நாவைப் பற்றியது.

சில மாதங்களுக்கு முன்னர், எங்கள் பிள்ளைகள் சிலர் கற்கும் ஒரு கல்லூரியின் அணி விளையாடுவதைக் காண லிந்துலைக் கடைவீதியிலிருந்து ஒரு வேன் புறப்பட்டது. இளைஞர்கள் அழைத்ததால் நானும் சென்றேன். அன்று காலை முதல் தூறல். மைதானம் சேறாகிக் கிடந்தது. பனிமூட்டம் இறங்கும் போதெல்லாம் மறுபக்கத்துக் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரணியாக வந்தவர்கள் ஒரு தோட்டப் பாடசாலையின் மாணவர்கள். அவர்களில் சிலருடைய சப்பாத்து இரவல் வாங்கியது என்பது அதன் அளவைப் பார்த்தாலே தெரிந்தது. ஆயினும் அவர்கள் ஓடிய ஓட்டம் இரவல் ஓட்டமன்று. ஆட்டம் முடிய ஒரு சில நிமிடங்கள் இருக்கும் போதுதான் எங்கள் அணிக்கு ஒரு கோல் கிடைத்தது. ஒன்றுக்குப் பூச்சியம். வெற்றி எங்களுக்கே.

ஆனால் திரும்பி வந்த வேனில் வெற்றியின் மகிழ்ச்சி இருக்கவில்லை. "தோட்டத்துப் பொடியன்மாருக்கு ஒரு கோல் அடிக்கவா இவ்வளவு பாடு?" என்றார் ஒருவர். "இதுவும் ஒரு வெற்றியா?" என்றார் இன்னொருவர். கோல் காப்பாளராக நின்ற மகன் பின் ஆசனத்தில் அமர்ந்திருந்தான். ஆட்டத்தின் நடுவே ஒரு முறை பந்து அவன் கையிலிருந்து நழுவியது. அதை மீண்டும் பாய்ந்து பிடித்தவனும் அவனே. ஆனால் நழுவியது மாத்திரமே எங்கள் நினைவில் நின்றது. அவனுக்கு 'ஓட்டைக் கூடை' என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். வேன் முழுவதும் சிரித்தது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக, நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் கழிந்து, இஷாத் தொழுகைக்குப் பின் அவனுடைய வாப்பா பள்ளிவாசல் வாயிலில் என்னிடம் வந்தார். "ஹஸரத், மகன் இனிப் பந்து விளையாடப் போறதில்லை என்கிறான். சப்பாத்தைக் கொண்டுபோய் விறகுக்குப் பக்கத்தில் போட்டுட்டான்" என்றார். "அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் நீங்கள் என்ன கூறினீர்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "கடையில் பொடியன்மார் வந்து சொன்னதைத்தான் நானும் கேட்டேன் ஹஸரத். இதுவும் ஒரு வெற்றியா என்று கேட்டேன்" என்றார்.

அன்பர்களே, இதே கேள்வி ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முறை கேட்கப்பட்டது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் ஏறக்குறைய 1400 தோழர்களுடன் உம்ராவுக்காகப் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷிகள் தடுத்தனர். உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. இவ்வாண்டு திரும்பிச் செல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாட்கள் மட்டும் தங்கலாம். மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். கஃபாவைக் காணும் ஏக்கத்தோடு வந்த தோழர்களின் உள்ளங்கள் வெந்து போயின. பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் மும்முறை கூறியும் எவரும் எழுந்திருக்கவில்லை.

அந்த வேளையில் நபியவர்கள் என்ன செய்தார்கள்? தோழர்களை ஏசினார்களா? இல்லை. கூடாரத்திற்குள் சென்று உம்மு ஸலமா (ரழி) அவர்களிடம் நடந்ததைக் கூறினார்கள். அந்த அன்னையோ, எவருடனும் ஒரு வார்த்தையும் பேசாது வெளியே சென்று முதலில் தாங்களே பலியிடுங்கள் என்று ஆலோசனை கூறினார்கள். நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்ட தோழர்கள் அனைவரும் எழுந்தனர். கடுஞ்சொல்லால் ஆகாத காரியம் முன்மாதிரியால் ஆகியது.

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் அல்பத்ஹ் அத்தியாயம் அருளப்பட்டது. அதன் முதல் வசனமே இதனைத் தெளிவானதொரு வெற்றி என்று அறிவித்தது. அப்போது உமர் (ரழி) அவர்கள், இது வெற்றியா என்று நபியவர்களிடம் வினவினார்கள். ஆம் என்று பதில் வந்தது. உமரின் உள்ளம் அமைதியடைந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் அதே மக்காவினுள் 10,000 பேருடன் நபியவர்கள் நுழைந்தார்கள். ஒளியின்றித் தோன்றிய அந்த வெற்றிதான் இந்த மாபெரும் வெற்றிக்கு வாயிலாயிற்று.

நான் ஒரு விளையாட்டைப் புனிதமான ஒரு நிகழ்வோடு ஒப்பிடவில்லை. கேள்வி கேட்கும் முறையை மட்டுமே ஒப்பிடுகின்றேன். உமர் (ரழி) அவர்கள் அறிந்துகொள்வதற்காகக் கேட்டார்கள். பதில் கிடைத்ததும் ஏற்றுக்கொண்டார்கள். நாம் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கிறோம். நமக்குப் பதில் தேவையில்லை.

இளைஞர்களே, அந்தக் கேள்விக்குள் இன்னொரு நோயும் மறைந்திருக்கின்றது. "தோட்டத்துப் பொடியன்மாருக்கு எதிராகவா?" என்ற சொல்லை மீண்டும் நினைத்துப் பாருங்கள். உண்மையில் நாம் குறை கூறியது எங்கள் அணியை மட்டுமன்று. எதிரில் நின்றவர்களை மனிதர்களாகவே கணக்கெடுக்கவில்லை. அவர்கள் நன்றாக விளையாடினார்கள் என்ற எளிய உண்மையை எங்கள் நா ஒப்புக்கொள்ளவில்லை. பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதும் ஆகும் என்று நபியவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நாம் இரண்டையும் செய்து முடித்தோம். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுவோர் மேலானவர்களாக இருக்கக் கூடும், பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்ற கருத்தை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் எத்தனை முறை ஓதியிருப்போம்! அந்தத் தோட்டத்து மக்கள் விடியற்காலையில் குளிரில் கொழுந்து பறித்து உழைத்த காசுதான் எங்கள் கடைகளின் கல்லாவிலும் விழுகின்றது. அவர்களுடைய பிள்ளைகளிடம் ஒரு கோலால் வென்றதை அவமானம் என்று கருதுவதற்கு நாம் யார்?

எதிரணிதான் வெற்றிக்கு மதிப்பைத் தருகின்றது. இதற்கு எங்கள் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2019 ஜூன் மாதம் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் முதற் போட்டியில் இலங்கை அணி மக்காவு அணியிடம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. இரண்டாம் போட்டி கொழும்பில் நடைபெற வேண்டியிருந்தது. நாட்டையே துயரத்தில் ஆழ்த்திய உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நிகழ்ந்து இரண்டு மாதங்களும் ஆகாத காலம் அது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவு தன் அணியை அனுப்பவில்லை. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் மூன்றுக்குப் பூச்சியம் என்று இலங்கைக்கு வெற்றியை வழங்கியது. இலங்கை அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஏட்டில் மூன்று கோல்கள். மைதானத்திலோ ஓர் உதைகூட இல்லை. ஆளில்லாத மைதானத்தில் கிடைத்த மூன்று கோல்களைவிட, சேற்றில் விழுந்து எழுந்து பெற்ற ஒரு கோல் மேலானது அல்லவா?

ஒரு கோல் சிறிதென்று எண்ணாதீர்கள். 1995ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை வென்றது. அன்றும் மேலதிக நேரத்தில் கிடைத்த ஒரே ஒரு கோல்தான். அதனை யாராவது அற்ப வெற்றி என்றார்களா?

எப்போதும் வெல்ல வேண்டும், அதுவும் பெரிதாக வெல்ல வேண்டும் என்ற ஆசை இவ்வுலகின் நியதிக்கு மாறானது. நபியவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதனை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. அவர்களின் முகத்தைக் கண்ட நபியவர்கள், இவ்வுலகில் உயரும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைக் கூறி ஆறுதல்படுத்தினார்கள். ஸஹீஹுல் புஹாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது. கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்நகரின் லீக் பட்டத்தை வென்றது. இந்திய முஸ்லிம்கள் அதனைத் தம் வெற்றியாகக் கொண்டாடினர். 1939இல் பட்டம் மோகன் பகானுக்குச் சென்றது. உயர்ந்தது தாழும். தாழ்ந்தது உயரும். இதை ஏற்காத ரசிகன் தன் அணி வென்ற நாளிலும் கோபத்தோடுதான் உறங்குவான்.

பெற்றோர்களே, இப்போது மைதானத்தை விட்டு வீட்டுக்கு வருவோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வருகின்றது. மகள் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். ஆனால் எதிர்பார்த்த 'ஏ' சித்திகள் இல்லை. அவள் தாளை நீட்டுகிறாள். நாம் முதலில் கேட்பது என்ன? "அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?" என்பதுதானே? இது அந்த வேனில் கேட்ட அதே கேள்வி. சொற்கள் மட்டுமே வேறு. நபியவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள், அன்னார் தன்னை ஒரு நாளேனும் சீ என்று கூறியதில்லை என்றும், செய்ததை ஏன் செய்தாய், செய்யாததை ஏன் செய்யவில்லை என்று கேட்டதில்லை என்றும் சாட்சியம் பகர்ந்தார்கள். அனஸ் (ரழி) அவர்கள் அப்பணியில் சேர்ந்த போது சிறுவர். பத்து ஆண்டுகளில் அந்தச் சிறுவரின் கையிலிருந்து எதுவுமே நழுவியிருக்காதா?

அப்படியாயின் குறைகளைச் சுட்டிக்காட்டவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சுட்டிக்காட்ட வேண்டும். ஹுனைன் போரில் தம் எண்ணிக்கையைக் கண்டு பெருமிதம் கொண்ட முஸ்லிம்களை, அந்த எண்ணிக்கை எவ்விதப் பலனும் தரவில்லை என்று அல்லாஹ் கண்டித்தான். வெற்றியின் பின்னும் திருத்தம் உண்டு. ஆனால் திருத்துவதற்கு ஒரு நேரமும் ஓர் இடமும் இருக்கின்றன. களைத்து, நனைந்து வந்த பிள்ளைக்கு முதலில் ஸலாம். பின்னர் சூடான தேநீர். பின்னர், "எங்கேனும் அடிபட்டதா மகன்?" என்ற ஒரு விசாரிப்பு. பந்து ஏன் நழுவியது என்பதை மறுநாள் தனிமையில் பேசலாம். அதனைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் இன்னும் நன்றாகப் பேசுவார். பிறர் முன்னிலையில் கூறும் அறிவுரை பெரும்பாலும் அவமதிப்பாகவே போய் முடிகின்றது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீங்கள் ஆதரிக்கும் அணி வென்றால், அது எவ்வளவு மங்கலான வெற்றியாயினும், முதலில் அல்ஹம்துலில்லாஹ் கூறுங்கள். பின்னர் தோற்ற அணியினரிடம் சென்று கைகொடுங்கள். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. உங்களுக்காகச் சேற்றில் விழுந்தவனுக்கு நன்றி கூறாத நா, ஐவேளையும் உங்களைப் படைத்தவனுக்கு எவ்வாறு உண்மையான நன்றியைக் கூறும்?

அந்தக் கோல் காப்பாளரின் வீட்டுக்கு நான் சென்றேன். வேனில் சிரித்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்தவாறு, "பரவாயில்லை ஹஸரத்" என்றான். வாசலில் அவனுடைய சப்பாத்து கழுவி வைக்கப்பட்டிருந்தது. கழுவியவர் அவனுடைய வாப்பா. இன்று வரை அவன் மைதானத்திற்குத் திரும்பவில்லை. உடைப்பதற்கு ஒரு வார்த்தை போதும். ஒட்டுவதற்கு எத்தனை வார்த்தைகள் தேவை என்பதை அல்லாஹ்வே அறிவான்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளைப் பிறர் உள்ளத்தைப் புண்படுத்துவதிலிருந்து காப்பாயாக! சிறிய வெற்றியிலும் உனக்கு நன்றி செலுத்தும் உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளையும் எங்கள் அயலவரின் பிள்ளைகளையும் நல்லோராக வாழச் செய்வாயாக! ஆமீன்.