இங்கிலீஷ் பரீட்சையும் நெட்டுருவும்



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம், வெளிநாடு போக விரும்புகிறவர்கள் எழுதவேண்டியிருக்கிற இங்கிலீஷ் பரீட்சைக்கு இலக்கணமும், வார்த்தைகளும், வாசிப்பும் எப்படிப் பழகுவது என்பதாகும். இதுவும் ஒரு பிரசங்கத்துக்குத் தகுந்த விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நர்ஸு வேலைக்குப் படித்த ஒரு பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக நகையை அடகு வைத்துப் பரீட்சைப் பணம் கட்டுகிற குடும்பங்கள் நம்மில் எத்தனை இருக்கின்றன என்பதை யோசித்துப் பார்த்தால், இதைவிட அவசரமான சங்கதி அந்தக் குடும்பங்களுக்கு வேறொன்றும் இல்லை என்பது விளங்கும்.

நாம் முக்கியமாகப் பேசப்போவது 1989-ல் ஆரம்பிக்கப்பட்ட ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் பரீட்சையைப் பற்றி. இதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பாகங்கள். மார்க்கு 9 வரையில். பிரிட்டனில் நர்ஸுகளைப் பதிவு செய்கிற சபையார் எழுதுவதில் ஆறரையும், மற்ற மூன்றிலும் ஏழும் கேட்கிறார்கள். வாங்கிய மார்க்கு இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு மறுபடியும் பணம், மறுபடியும் பரீட்சை.

இதற்கு நம்மவர்கள் எப்படித் தயார் செய்கிறார்கள்? ஒரு கைடு புஸ்தகம் வாங்குகிறார்கள். அதில் இலக்கண விதிகள் ஒரு நூறு, கஷ்டமான வார்த்தைகள் ஓர் ஆயிரம், எழுதி முடித்த கட்டுரைகள் ஓர் ஐம்பது இருக்கின்றன. விடியற்காலையில் எழுந்து இவற்றை மந்திரம் ஜபிப்பதுபோல் உருப்போடுகிறார்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் பலன் கிடைக்கும் என்பது மந்திரத்தைப் பற்றிய நம்பிக்கை. அதே நம்பிக்கையை இங்கிலீஷ் கைடுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

தோழர்களே! இந்தப் பரீட்சையில் இலக்கணத்துக்கென்று தனியாக ஒரு தாளே கிடையாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதுவதில் நாலில் ஒரு பங்கு மார்க்கு இலக்கணத்துக்கு, நாலில் ஒரு பங்கு வார்த்தைப் பிரயோகத்துக்கு. மீதிப் பாதியோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாயா, சொன்னதைத் தொடர்ச்சியாகச் சொன்னாயா என்பதற்கு. மனப்பாடம் செய்த கட்டுரையைக் கொண்டுபோய்க் கொட்டினால், திருத்துகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அவருக்கு அதிலேதான் பழக்கம். தெரிந்தால் மார்க்குக் குறையும்.

இலக்கணத்தை நூலாகவே வைத்துப் பரீட்சை செய்த காலமும் ஒன்று இருந்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் 1913-ல் அந்நியர்களுக்காக ஓர் இங்கிலீஷ் பரீட்சை ஏற்படுத்தினார்கள். இலக்கணம், உச்சரிப்பு சாஸ்திரம், மொழிபெயர்ப்பு, இலக்கியம் என்று மொத்தம் 12 மணி நேரம். முதல் வருஷம் அதை எழுதியவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் தவறிப்போனார்கள்! இன்றையப் பரீட்சை அப்படிப்பட்டதல்ல. ஆனால் நம்மவர்கள் இன்னமும் 1913-ம் வருஷத்துப் பரீட்சைக்கே படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இலக்கணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் விதி எதற்கு என்று தெரிந்து படிக்கவேண்டும். தமிழில் ஒருவரைப் பற்றிய விவரமெல்லாம் பெயருக்கு முன்னால் வந்துவிடும். “குழந்தைக்கு வைத்தியம் செய்த டாக்டர் போய்விட்டார்” என்கிறோம். இங்கிலீஷிலோ டாக்டர் முதலில் வந்து, விவரம் அவருக்குப் பின்னால் வரும். “தி டாக்டர் ஹூ ட்ரீட்டட் தி சைல்ட் லெஃப்ட்” என்பார்கள். அவசரமாய் வாசிக்கிற நம் பிள்ளைக்குச் “சைல்ட் லெஃப்ட்” என்பது பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், குழந்தை போய்விட்டது என்று பட்டுவிடுகிறது. போனவர் டாக்டர். “ஹூ” என்பதன் இலக்கணப் பெயரை ஒப்பிக்கத் தெரிந்து என்ன பிரயோஜனம்? போனவர் யார் என்று தெரியவேண்டாமா?

அதுபோலவே “ஃபியூ” என்றால் அநேகமாய் யாருமில்லை என்கிற குறை. “ஏ ஃபியூ” என்றால் சிலராவது இருக்கிறார்கள் என்கிற நிறைவு. நடுவில் இருப்பது ஒரே ஓர் எழுத்து. தமிழில் அந்த எழுத்துக்குச் சமானமானது இல்லாததால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. இப்படிப்பட்ட இடங்களைத்தான் பழகவேண்டும். தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் எங்கே வழி பிரிகிறதோ அங்கேதான் நமக்குத் தவறு வருகிறது. அது எந்தக் கைடிலும் தனியாகப் போட்டிருக்காது.

இனி வார்த்தைகள். 1920-களில் டாக்காவில் உபாத்தியாயர் பயிற்சிக் கல்லூரித் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்காளத்துப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது இங்கிலீஷை வாசித்துப் புரிந்துகொள்ளும் சக்தி என்று வாதாடினார். புது வார்த்தைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விட்டு, வந்த வார்த்தையே திரும்பத் திரும்ப வரும்படி வாசகப் புஸ்தகங்கள் செய்தார். 1953-ல் அடிக்கடி வழங்கும் வார்த்தைகளில் சுமார் 2,000-ஐப் பொறுக்கி ஒரு பட்டியலாக வெளியிட்டார். அதற்குமேல் படிப்பு சம்பந்தமான புஸ்தகங்களில் வழங்கும் 570 வார்த்தைக் குடும்பங்களை 2000-ல் அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் திரட்டிக் கொடுத்தார். ஆதலால் ஆயிரக்கணக்கில் வாயில் நுழையாத வார்த்தைகளைத் தேடி அலையவேண்டிய அவசியமே இல்லை.

அன்றியும், வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தால் மாத்திரம் போதாது. அதற்கு ஜோடி எது என்று தெரியவேண்டும். டீ என்றால் “ஸ்ட்ராங்” என்பார்கள். மழை என்றால் “ஹெவி” என்பார்கள். மாற்றிப் போட்டால் சிரிப்பார்கள். இதற்கு விதி கிடையாது. வாசித்து வாசித்துக் காதுக்குப் பழக்கமாக வேண்டியதுதான். சின்ன வார்த்தை போதுமான இடத்தில் பெரிய வார்த்தையை எழுதுவது, வயலில் நாற்று நடப் போகிறவன் சரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு போவது போன்றதேயாகும்.

வாசிப்புப் பாகத்தில் மூன்று பெரிய பத்திகள், 40 கேள்விகள், 60 நிமிஷம். இதில் ஒரு வகைக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இது பத்தியின்படி சரியா, தப்பா, அல்லது சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். அதிகம் பேர் விழுகிற பள்ளம் இதுதான்.

உதாரணமாக, “அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பாதிப்பேர் பெண்கள்” என்று பத்தியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில், “அங்கே பெண்களுக்கு ஆண்களைவிடக் கூலி குறைவு” என்று இருக்கிறது. உங்கள் பதில் என்ன? (சரி! சரி! என்ற குரல்கள்.) பார்த்தீர்களா? பத்தியில் கூலியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! உலகத்தில் அநேக இடங்களில் அப்படி நடக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் இந்தக் காகிதத்தில் அது சொல்லப்படவில்லை. பெண்கள் கால்வாசி என்று கேள்வியில் இருந்தால் அது தப்பு, ஏனெனில் பத்தி அதை மறுக்கிறது. கூலி விஷயத்தைப் பத்தி மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. மறுக்கப்பட்டது வேறு, சொல்லப்படாதது வேறு.

எழுதியிருப்பது எது, நாமே கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு ஏன் இவ்வளவு குறைவாயிருக்கிறது? பள்ளிக்கூடத்தில் புஸ்தகத்தில் உள்ளதை ஒப்பிக்கச் சொன்னார்களே தவிர, இதில் இது எங்கே இருக்கிறது, காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். அவருக்கு இங்கிலீஷ் தெரியவேண்டும் என்பதுகூட இல்லை. “எந்த வரியில் இருக்கிறது, விரலை வை” என்று சொல்ல ஒரு பாட்டிக்கும் முடியும்.

ஆகவே தினம் ஒரு பக்கம் வாசியுங்கள். தெரியாத வார்த்தைகளை எண்ணுங்கள். 50 வார்த்தைக்கு ஒன்றுக்குமேல் தெரியாததாயிருந்தால், துணையில்லாமல் வாசிக்க அந்தப் புஸ்தகம் இப்போதைக்கு உங்களுக்கு ஆகாது; இதைவிடச் சுலபமானதை எடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முதல் தரம் அகராதியைத் தொடாமல் வாசியுங்கள். பிறகு பக்கத்தை மூடிவிட்டு, படித்ததை உங்கள் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதுங்கள். அதற்கப்புறம் அகராதி. கடிகாரம் வைத்துப் பழகுவது கடைசி மாதத்தில் போதும்.

பரீட்சை அன்றைக்கு இரண்டு சங்கதி. தப்பான பதிலுக்கு மார்க்கு குறைப்பதில்லை. ஆதலால் எதையும் காலியாக விடாதீர்கள். இரண்டு வார்த்தைக்குமேல் எழுதாதே என்று சொல்லியிருந்தால் மூன்றாவது வார்த்தை எழுதினவனுக்குச் சைபர்தான்.

நர்ஸு வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் விசாரியுங்கள். வைத்தியத் தொழிலிலுள்ளவர்களுக்கென்றே ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஓ.இ.டி. என்ற பரீட்சையையும் பிரிட்டன் சபையார் ஒப்புக்கொள்கிறார்கள். அதில் பத்திகளும் கடிதங்களும் ஆஸ்பத்திரி சம்பந்தமானவை. பத்து வருஷம் நோயாளியைப் பார்த்த ஒரு பெண்ணை, நட்சத்திரத்தைப் பற்றியும் பழைய பானை ஓட்டைப் பற்றியும் வாசிக்கச் சொல்லி அளப்பதைவிட அது நியாயமாயிருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். இரண்டிலும் மாதிரித் தாள்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் இரண்டையும் ஒவ்வொரு தரம் வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத் தீர்மானம் செய்யுங்கள்.

நேரமாகிவிட்டபடியால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம். சந்தேகமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் தாங்கள் படிக்கிற புஸ்தகத்தோடு வரலாம்.