அடையாள அட்டை இல்லாதவர் எழுதும் செய்தி

(இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

கொலை, கலவரம், தேர்தல் பற்றி எழுதினாத்தான் ஆபத்து, வீடு வாசல் பத்தி எழுதினா என்ன வந்துடும் என்றொரு பொதுப்புத்தி இருக்கிறது. அது பொய். குடிசையை இடிக்கிற நேரம், நிலத்தின் மேல் யாருக்கு அதிகாரம் என்பது அப்பட்டமாகத் தெரிகிற நேரம். அப்போது கேமராவோடு நிற்பவர் சாட்சி. சாட்சியை அதிகாரத்துக்குப் பிடிக்காது.

அந்தச் சாட்சி யார்? பெரிய பத்திரிகையின் நிருபர் மத்தியானம் வந்து அதிகாரியிடம் ரெண்டு வரி வாங்கிட்டுப் போயிடுவார். விடியற்காலை பொக்லைன் வரும்போது அங்கே இருப்பது நம்ம சேரியில் படிச்சுட்டு, ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி எழுதுகிற தம்பி, தங்கச்சி. போலீஸ் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பத்திரிகை? கார்டு எங்க?" கார்டு இல்லை. 1955ஆம் வருடத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமே, ஒரு நிறுவனத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டவரைத்தான் பத்திரிகையாளர் என்று வரையறுத்தது. தனியாக எழுதுகிறவர் அந்த வரையறைக்கு வெளியே. ஊருக்கு வெளியே சேரி மாதிரி, சட்டத்துக்கு வெளியேயும் ஒரு சேரி.

இது புதுசு இல்லை. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், வாசகர் கடிதம் ஒன்றை அச்சிட்டதற்காகவே நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார். நம்ம எழுத்தின் வரலாற்றிலேயே வழக்கும் கூட வருகிறது.

இப்போது என்னென்ன பிரிவுகள் பாயும்? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறின, கைகள் மாறவில்லை. இடிப்பைப் படம் எடுத்தால் அரசு ஊழியரைத் தடுத்தார் என்று 221. தள்ளுமுள்ளு நடந்தால் தாக்கினார் என்று 132. அதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. ஒதுக்கீட்டுக் குடியிருப்புக்குள் போனால் அத்துமீறல் என்று 329. எழுதியது பதற்றம் உண்டாக்கியது என்றால் 353. அவதூறு என்றால் 356, இரண்டு வருடம் வரை சிறை. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசைப் பற்றி எழுதினால் அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போடவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படிப் பத்திரிகை ஆசிரியர்கள் மேல் போட்ட வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வருடக்கணக்கில் நடந்தவை அவை. பெரிய பத்திரிகை வக்கீல் வைத்துத் தாங்கும். கட்டுரைக்கூலி வாங்குகிறவர் எப்படித் தாங்குவார்? தண்டனை தீர்ப்பில் இல்லை தோழர்களே, வாய்தாவில் இருக்கிறது.

ஆனால் பயந்து எழுதாமல் இருக்கவா இதைச் சொல்றேன்? இல்லை. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் விரலால் தேய்த்தாலே சுவர்ப்பூச்சு உதிர்வதை சனங்களும் செய்தியாளர்களும் படம் பிடித்துக் காட்டினார்கள். ஐ.ஐ.டி. ஆய்வுக்கு வந்தது, பொறியாளர்கள் பணியிடைநீக்கம் ஆனார்கள். அங்கே யாரும் "ஊழல்" என்று கத்த வேண்டியிருக்கவில்லை. சுவரே பேசியது. இதுதான் பாடம். 'இன்னார் லஞ்சம் வாங்கினார்' என்று தாள் இல்லாமல் எழுதினால் 356. 'இந்தச் சுவர் இந்தத் தேதியில் இப்படி உதிர்ந்தது' என்று எழுதினால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் வங்கியில் குமாஸ்தா. தேதியும் கையெழுத்தும் இல்லாத தாள் எங்க கவுண்டரில் வெறும் தாள். அதே புத்தியை இங்கேயும் வையுங்கள். வெளியேற்ற நோட்டீசின் நகல் எடுங்கள். 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதிகாரியிடம் கேள்வியை எழுத்தில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராததும் ஒரு பதில். வீட்டுக்காரம்மா "உள்ள வாப்பா" என்று கூப்பிட்டதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவங்க பெயரை அச்சிடுவதற்கு முன்னால் நாலு முறை யோசியுங்கள். நமக்கு வழக்கு, அவங்களுக்கு ஒதுக்கீடே போகலாம்.

நம்ம கையிலும் சட்டம் இருக்கு. 1994 ராஜகோபால் வழக்கில், 'நக்கீரன்' தொடுத்த வழக்கு அது, அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அதிகாரியின் பணி பற்றி எழுதியது பொய்யாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார் என்று காட்டினால்தான் அவர் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் இது சிவில் வழக்குக்கு மட்டும், 356ஐ இது தடுக்காது. 2025 மார்ச்சில் ஒரு கவிதைக்காகப் போட்ட வழக்கையே உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனையுள்ள பேச்சு, எழுத்துக் குற்றம் என்றால், வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே சரி என்றது. இன்னொன்று, பலருக்குத் தெரியாது: 1987ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. வன்கொடுமைச் சட்டத்திலும், தலித்தை நிலத்திலிருந்தும் இருப்பிடத்திலிருந்தும் சட்டவிரோதமாக வெளியேற்றுவது குற்றம். எழுதினவர் மேல் உடனே வழக்குப் பதிகிற காவல் நிலையம், இந்தப் பிரிவை மட்டும் ஏன் புரட்டிப் பார்ப்பதில்லை? அதையும் எழுதுங்கள்.

பம்பாய் நடைபாதைவாசிகளுக்காக உச்சநீதிமன்றம் போனவர்களில் ஒருவர் ஓல்கா டெல்லிஸ், பத்திரிகையாளர். 1985இல் வந்த தீர்ப்பு, பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, நோட்டீஸ் கொடுத்துவிட்டு அகற்றலாம் என்றும் சொன்னது. சட்டம் ஒரு கையால் கொடுக்கும், மறுகையால் வாங்கும். 2022 மே மாதம் சென்னை கோவிந்தசாமி நகரில் இடிப்பின்போது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். அதற்குப் பிறகுதான் பக்கத்திலேயே மாற்றுவீடு பற்றி சட்டமன்றத்தில் பேச்சு வந்தது. ஒரு உடம்பு எரிந்தால்தான் செய்தி என்றிருக்கும் நிலையை மாற்ற, எரிவதற்கு முன்னால் எழுதுகிற ஆள் வேண்டும். அந்த ஆளைத் தனியே விடக்கூடாது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறேன். மாவட்டத்துக்கு இரண்டு வக்கீல் தோழர்களின் பெயர், போன் நம்பரோடு ஒரு பட்டியல். வாய்தாவுக்குப் போக பஸ் கட்டணம் தரும் அளவுக்காவது ஒரு நிதி. இடிப்பு நடக்கும் இடத்துக்கு ஒருவராகப் போகாமல் இருவராகப் போகும் பழக்கம். நிதிக்கு என் முதல் தொகையை இன்றைக்கே கட்டுகிறேன். ரசீது கொடுங்க தோழர், தேதி போட்டு.