திருகாணி நேராக இறங்க: முனைப்பிடியைத் தெரிவுசெய்தலும் பயன்படுத்தலும்

(முதியோருக்கான இல்லப் பாதுகாப்பு அமர்வில் நகரசபை மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குளியலறைச் சுவரில் பொருத்தும் பற்றுக்கம்பியைப் பற்றியே இன்றைய அமர்வு. எனினும் கம்பியைவிட, அதைச் சுவரோடு பிணைக்கும் திருகாணிகளையும், அவற்றை இறக்கும் சிறு கருவி ஒன்றையும் பற்றியே நான் அதிகம் பேசப்போகிறேன். ஈரத்தரையில் கால் வழுக்கும் மூதாட்டி தமது முழுப் பாரத்தையும் அக்கம்பியின் மீதே போடுவார். தலை தேய்ந்து பாதியில் நின்றுவிட்ட திருகாணி அப்பாரத்தைத் தாங்கும் என்று நம்ப இயலாது.

டிரில் எனப்படும் மின் துளைகருவியின் வாயில் திருகாணி முனையை நேரடியாகச் செருகுவது நம்மிற் பலரது வழக்கம். ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீளமேயுள்ள அச்சிறு முனை மூன்று தாடைகளுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். சற்றுச் சாய்ந்து பிடிபட்டாலும் சுழலும்போது தள்ளாடும். தள்ளாடும் முனை திருகாணியின் தலையைச் சுரண்டி எடுத்துவிடும். இக்குறையைப் போக்குவதே பிட் ஹோல்டர். அதன் ஒரு பக்கம் கால் அங்குல, அதாவது 6.35 மில்லிமீற்றர், அறுகோணத் தண்டு. மறுபக்கம் அதே அளவான குழி. இவ்வழிகாட்டியில் இதனை ‘முனைப்பிடி’ எனத் தமிழாக்கியுள்ளேன். கடையில் அப்பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. பிட் ஹோல்டர் என்றே கேளுங்கள்.

பிடிக்கு முன்னர் முனையைக் கவனிக்க வேண்டும். ஒன்ராறியோவில் வாழும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. சதுரக் குழியுடைய றொபேட்சன் திருகாணி இம்மாகாணத்தின் மில்டன் நகரில் 1908 ஆம் ஆண்டு முதல் உற்பத்தி செய்யப்பட்டது. இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். பழகிய பின் கைவிட மனம் வராது. முனையில் குத்தினால் திருகாணி தானே நின்றுகொள்ளும். அளவுகளை நிறத்தால் அறியலாம்: மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்ற வரிசையில் அளவு பெருகும். வீட்டு வேலைகள் பெரும்பாலானவற்றிற்குச் சிவப்பே பொருந்தும். பெட்டியில் வாங்கிவந்து பொருத்தும் ஐரோப்பியத் தளபாடங்களிலோ போசிடிறைவ் எனப்படும் சிலுவைத் தலைத் திருகாணி அடிக்கடி காணப்படும். சிலுவையின் கைகளுக்கிடையே மெல்லிய நான்கு கோடுகள் இருந்தால் அது பிலிப்ஸ் அன்று. பிலிப்ஸ் முனையை அதில் பாவித்தால் தலை விரைவில் கெடும்.

முனைப்பிடிகளில் காந்தம் பொருத்தியவையே மலிவானவை, எங்கும் கிடைப்பவை. சாதாரண இரும்புத் திருகாணிக்கு அவை போதும். ஆனால் ஈரம்படும் குளியலறைக்குத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளையே பாவிக்கிறோம். அவற்றிற் பெரும்பாலானவற்றைக் காந்தம் ஈர்ப்பதில்லை. பித்தளையையும் ஈர்ப்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய காந்தம் நமக்கு மிகவும் தேவையான இடத்திலேயே பயனற்றுப் போகிறது! அங்கு உதவுவது வழுக்கும் உறை கொண்ட முனைப்பிடி. உறையை முன்னால் இழுத்தால் அது திருகாணியைச் சுற்றி நின்று சாயாமல் காக்கும். திருகாணி இறங்க இறங்க உறை பின்வாங்கும். இரண்டில் ஒன்றையே வாங்க முடியுமெனில் இதையே வாங்குங்கள் என்பேன்.

மூன்றாவது வகை, கழுத்து வளையத்தை இழுத்தால் முனையை விடுவிக்கும் பூட்டுப்பிடி. திருகாணியைக் கழற்றும்போது முனை அதனுடனேயே போய்விடுவது எரிச்சலூட்டும். இது அதனைத் தடுக்கும். மிக நீண்ட பிடிகளை அவசியமின்றி வாங்க வேண்டாம். நீளம் கூடக் கூடத் தள்ளாட்டமும் கூடும்; 60 முதல் 75 மில்லிமீற்றர் வரை நீளமுள்ளது பொது வேலைக்குப் போதும்.

உங்களிடம் இருப்பது சாதாரண டிரில்லா, இம்பாக்ட் டிறைவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னது சுத்தியலால் தட்டுவதுபோல முறுக்கும். அதற்கென உறுதிப்படுத்தப்பட்ட பிடியை மட்டுமே அதில் செருக வேண்டும். மற்றவை உடைந்து தெறிக்கக்கூடும். இரண்டிலும் கண்ணாடி அணிவது கட்டாயம். கையுறையோடு சுழலும் பிடியைத் தொடவே கூடாது. முனையை மாற்றுவதற்கு முன் மின்கலத்தைக் கழற்றுங்கள். குறைந்தது திசைமாற்றும் பொத்தானை நடுவில் நிறுத்தி விசையைப் பூட்டுங்கள். மேலும், முனைப்பிடி முழுவதும் உலோகம். மின் இணைப்புள்ள பெட்டிகளின் அருகே அதனைக் கொண்டுசெல்லாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். சுவர்ப்பலகைக்குப் பின்னால் நிற்கும் மரச்சட்டங்களைத் தேடுங்கள். அவை பொதுவாக 16 அங்குல இடைவெளியில் நிற்கும். பற்றுக்கம்பி அச்சட்டத்தில், அல்லது அதற்கென உள்ளே பொருத்திய மரக்கட்டையில் ஏறவேண்டும்; வெறும் சுவர்ப்பலகையில் ஏறக்கூடாது. அடுக்குமாடிகளில் தகரச் சட்டங்கள் இருக்கலாம். அங்கு அனுபவமுள்ளவரை அழைப்பதே என் ஆலோசனை. ஓடு பதித்த சுவரில் முதலில் ஓட்டுக்குரிய முனையால், சுத்தியல் இயக்கமின்றித் துளையிட்டு, பின்னர் மரத்தில் திருகாணித் தண்டைவிடச் சற்று ஒடுங்கிய வழித்துளையை இடுங்கள். துளைகருவியின் வளையத்தைச் சிறிய இலக்கத்தில் வைத்துத் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டலாம். துளையிடும் குறியில் வைத்தால் அது எங்கும் நிற்காது முறுக்கும். குறைந்த வேகத்தில், கருவியின் பின்புறத்தை உள்ளங்கையால் நேராக அழுத்துங்கள். திருகாணி துள்ளிச் சத்தமிட்டால் உடனே நிறுத்துங்கள்: முனை பொருந்தவில்லை, அல்லது தேய்ந்துவிட்டது. தேய்ந்த முனையை வைத்துக்கொள்வதில் சிக்கனம் ஒன்றும் இல்லை.

வாடகை வீட்டில் இருப்போர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். துளையிடும் முன் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து அவரது இணக்கத்தைப் பெறுங்கள். வாய்ச்சொல் பின்னர் நினைவில் நிற்காது. உடல் இயலாமை காரணமாகக் கம்பி தேவைப்பட்டால், அதற்கு இடமளிப்பது, மிதமிஞ்சிய சிரமம் இல்லாதவரை, ஒன்ராறியோ மனித உரிமைகள் சட்டக்கோவையின்படி உரிமையாளரின் கடமையாகும். அக்கடிதத்தைத் தமிழில் சொல்ல வல்லவர்களும் ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவதை நான் அறிவேன். அமர்வு முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

முன்மேசையில் மூவகைப் பிடிகளும், பயிற்சிக்கு ஒரு மரத்துண்டும், துருப்பிடிக்காத திருகாணிகளும் வைக்கப்பட்டுள்ளன. கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொருவராக வந்து முயன்று பாருங்கள். காந்தப் பிடியையே முதலில் எடுங்கள்.