யார் சொல்லைக் கேட்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பண்டிதர்களும் பட்டதாரிகளும் நிற்க வேண்டிய இம்மேடையில், பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவை நிறுத்தியிருக்கிறார் நம் செயலாளர். தப்பிக்க வழி தேடினேன், கிடைக்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றையே பேச முற்படுகிறேன். ஆபத்து எது என்பதை நாம் எவ்வாறு கணிக்கிறோம், அதுபற்றி அறிவுரை கூறுவோரில் யாரை நம்புகிறோம் என்பதே அது.

நாம் குடியிருக்கும் இந்தத் தாதரும் மாதுங்காவும் இன்றைய உருவம் பெற்றதற்கு ஓர் அச்சமே காரணம் என்பதை நம்மில் இளையோர் பலர் அறியார். 1896-ஆம் ஆண்டு செப்டம்பரில், மாண்டவிப் பகுதியில் டாக்டர் வியேகாஸ் என்பவர் பிளேக் நோயைக் கண்டறிந்தார். மக்கள் கூட்டங்கூட்டமாக ரயிலேறி நகரை விட்டு ஓடினர். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றது சர்க்கார். நல்ல அறிவுரைதான். ஆனால் அதனைக் கூற வந்தவர்கள் அதிகாரத்தோடு வீட்டினுள் நுழைந்தார்கள். நோயாளியைக் குடும்பத்தினின்றும் பிரித்துக் கொண்டுபோனார்கள். விளைவு, அவ்வாண்டு அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியையே தாக்கினர். அங்கே போனவன் பிணமாகத்தான் வெளிவருவான் என்பது அவர்கள் கணக்கு. அதனை வெறும் மூடக் கணக்கென்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. நோய் முற்றிய நிலையில் கொண்டு செல்லப்பட்டவர்களுள் பலர் உண்மையிலேயே திரும்பவில்லை.

கற்றோர் கூறியதும் அன்று முழுவதும் சரியாக இல்லை. நோய் அழுக்கில் இருக்கிறது என்று கருதிச் சாக்கடைகளைக் கழுவினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று சைமன்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் கண்டது 1898-இல்தான். அவர் சொல்லையும் மற்ற மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. ஆனால் இமயமலைச் சாரலில் குமாவுன், கடுவால் நாட்டு மக்கள், எலிகள் செத்து விழக் கண்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியேறும் வழக்கத்தை அதற்கு முன்பே கைக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? செத்த எலிதான்!

அக்காலத்தில் ஹாஃப்கின் என்ற அறிஞர் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இருந்துகொண்டு பிளேக்குக்குத் தடுப்பு மருந்து தயாரித்தார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டு காய்ச்சலில் படுத்தார். பின்னர், அஞ்சி ஒதுங்கிய தம் இனத்தவருக்குத் தைரியம் பிறக்கும்பொருட்டு, இருபது வயதளவே ஆன மூன்றாம் ஆகாகான் மக்கள் முன்னிலையில் தமக்கே ஊசி போட்டுக்கொண்டார். இவ்விருவரும் நீங்கள் செய்யுங்கள் என்று கூறுமுன் தாம் செய்து காட்டினர். பரேலிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்தைப் பஸ்ஸிலிருந்து காணும்போதெல்லாம் அந்தக் காய்ச்சலே எனக்கு நினைவுக்கு வரும். நெருக்கடியைக் குறைக்கவென்று 1898-இல் தோன்றிய பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டே நம் தாதர்-மாதுங்காவின் அகன்ற தெருக்களை வகுத்தது.

பழங்கதை போதும், என் இலாகாவுக்கு வருகிறேன். 2006 ஜூலை 11 மாலையில் மேற்கு ரயில்வேயின் லோக்கல் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்ததும், நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் நீங்கள் அறிந்ததே. அவற்றுள் ஒன்று நம் மாதுங்கா ரோடு அருகே வெடித்தது. அடுத்த இரு வாரங்கள் எங்கள் மாடியிலிருந்த அன்பர் ஒருவர் ரயிலைத் தொடவில்லை; பஸ்ஸில் போனார். பஸ் நிற்குமிடத்திற்கு எவ்வழியாகப் போனார் என்றால், தண்டவாளங்களைக் குறுக்கே கடந்து போனார்! இந்நகரின் லோக்கல் பாதைகளில் பல்வேறு விபத்துக்களால் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் லைன் தாண்டியவர்கள். நேற்றும் தாண்டினோம், ஒன்றும் ஆகவில்லை என்ற நினைப்பு, பலகையில் எழுதிய எந்த எச்சரிக்கையையும் விட உரக்கப் பேசுகிறது.

2010-ஐ ஒட்டி வடாலா நிலையத்தில் ஒரு சோதனை நடந்தது. பெரிய உருவம் விரைந்து வந்தாலும் நம் கண்ணுக்கு மெதுவாக வருவதுபோல் தோன்றுமாம். ஆகவே சில ஸ்லீப்பர் கட்டைகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசினர். அவற்றை வண்டி விழுங்கிக்கொண்டு வருவதைக் கண்டால் வேகம் விளங்கும். வண்டியின் அடியில் சிக்குபவன் முகம் எப்படி மாறும் என்பதை, ஒரு நடிகரை வைத்து மூன்று படங்களாக எடுத்து மாட்டினர். டிரைவர்கள் நீண்ட விசிலுக்குப் பதிலாக இரு குறு விசில்கள் ஊதினர். அங்கே சாவுகள் பெரிதும் குறைந்தன. நான் அச்செய்தியைப் படித்தேன், வியந்தேன், ஆபீசில் நாலு பேருக்கு எடுத்தும் சொன்னேன். மாலையில் வழக்கம்போல் லைன் தாண்டி வீடு திரும்பினேன்.

இனிக் கூறப்போவதைக் கூற எனக்கு உரியவரின் அனுமதி உண்டு. 2014-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து என் அக்காள் மகன், பத்தொன்பது வயதுப் பையன், வேலை தேடி என்னிடம் வந்தான். வந்த மறுநாள் நிலையத்தருகே நின்று, "மாமா, எல்லாரும் லைனிலே இறங்கிப் போறாங்களே, நாமளும் போகலாமா?" என்று கேட்டான். அங்கே மூன்று மொழிகளில் பலகை இருந்தது. ஒலிபெருக்கி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அவனுடைய அத்தை, அதாவது என் மனைவி, பாலம் ஏறித்தான் வரவேண்டும் என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். எங்களுக்குப் பழக்கமான கேங்மேன் ஒருவரோ, "ஒரு வண்டியைப் பார்ப்பாய், அது மறைக்கும் மற்றொரு வண்டியைப் பார்க்கமாட்டாய்" என்று அவனிடமே கூறியிருந்தார். நான் கூறியது இவ்வளவே: "ரெண்டு பக்கமும் பார்த்துத் தாண்டு. பத்து வருஷமா நான் தாண்டலையா?"

நாலாம் மாதம், நின்றிருந்த ஸ்லோ வண்டிக்குப் பின்னிருந்து வந்த ஃபாஸ்ட் வண்டி அவனுடைய இடது பாதத்தைக் கொண்டுபோயிற்று.

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்த மூன்றாம் நாள், அத்தனை பேர் சொல்லியும் ஏனடா கேட்கவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன். கோபத்தோடு அன்று, மிகப் பொறுமையாக அவன் சொன்னான்: "நீங்க ரயில்வே அல்லவா, மாமா? உங்களுக்குத் தெரியாதா?"

டிக்கெட் கணக்கு எழுதும் எனக்கு வண்டியின் வேகம்பற்றி என்ன தெரியும்? தண்டவாளத்திலேயே நாளைக் கழிக்கும் கேங்மேனுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கும் தெரியாது. ஆயினும் அவர் அந்நியர், நான் மாமன். அக்காளுக்கு இதனை எழுத ஒரு வாரமாயிற்று எனக்கு. அவள் பதில் ஒரே வரிதான். அதனை இம்மேடையில் கூறேன்.

மருமகன் இன்று தாராவியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறான். ஊரிலிருந்து நம்மவர் புதிதாக எவர் வந்தாலும், முதல் நாள் அவரை அழைத்துக்கொண்டு பாலத்தில் ஏறுவது எங்கள் இருவர் வேலை. அவன் செயற்கைக் காலோடு முன்னே ஏறுவான். நான் மூச்சிரைக்கப் பின்னே ஏறுவேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.