மூப்பரின் கையிலுள்ள பெயர்ப்பட்டியல்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



அடுத்த நூறு ஆண்டுக்கு எமது சங்கத்தை எப்படி நடத்துவது என்று யோசிக்கும் இவ்வேளையில், ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் உள்ளூர்ச் சபைகள் நடக்கும் முறையை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

பிரெஸ்பிற்றேரியன் மரபைச் சேர்ந்த அச்சபைகளுக்குப் பேராயர் இல்லை. சபையார் நடுவிலிருந்து தெரிவாகும் மூப்பர்களும் குருவானவரும் கூடிய மன்றமே சபையை ஆளுகிறது. ஆசிரியரோ, தாதியோ, கமக்காரரோ மூப்பராகலாம். வழக்கமாகக் குருவானவர் தலைமை தாங்குவார். ஆனால் தனித்து முடிவெடுக்க மாட்டார்.

குருவானவரைத் தெரிவதும் சபையே. இவ்வுரிமை இலகுவில் கிடைத்ததல்ல. 1712ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பிரபுக்களிடம் கொடுத்தது. சபை விரும்பாதவரை அதன்மேல் திணிக்கக்கூடாது என்று, 1843இல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குருமார் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறினார்கள். அந்த முறை ஒழிந்தது 1874இல்தான்.

பெண்கள் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். சீர்திருத்தம் வந்தது 1560இல். பெண்கள் மூப்பராக வழிபிறந்தது 1966இல். 2004இல் பொதுப்பேரவையின் முதற் பெண் தலைவரான அலிசன் எலியட் குருவானவரல்லர், ஒரு மூப்பர்.

ஆட்சி இப்படியென்றால், பணி எப்படி? மரபுப்படி ஒவ்வொரு மூப்பரிடமும் சில வீடுகள் ஒப்படைக்கப்படும். திருவிருந்துக்கு முன் அழைப்பு அட்டையோடு அவ்வீடுகளுக்குப் போவார். அட்டை ஒரு சாட்டுத்தான். யார் படுக்கையில் கிடக்கிறார், யார் துணையை இழந்திருக்கிறார் என்பது வாசலில் நின்று கதைக்கும்போதே தெரியவரும்.

இதன் பெறுமதி வைத்தியர்களாகிய எமக்கு நன்றாகத் தெரியும். தனியே வாழும் முதியவர் விழுந்துவிட்டால், எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்றே முதலில் கேட்கிறோம். நேரம் நீள நீள உடற்சூடு குறையும். தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். உரிய வேளையில் ஒருவர் கதவைத் தட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எண்ணவைக்கும் மரணங்கள் உண்டு.

எமது சங்கத்திலும் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லோரும் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருபவர்களை நாங்கள் அறிவோம். வரமுடியாமற் போனவர்களை யார் அறிவார்? எமக்கு முந்திய வகுப்பு அக்காமார் பலர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் தனியே இருக்கிறார்கள். சந்தா நின்றால் பெயரும் நின்றுவிடுகிறது.

நாங்கள் ஒரு திருச்சபையல்ல. சைவர்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தவர்கள். ஆனால் பெயர்களைப் பங்கிட்டுக்கொள்ள மதம் தடையல்ல. ஒவ்வொருவரும் பத்துப் பேரைப் பொறுப்பேற்போம். மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்போம். பதில் வராவிட்டால் அருகிலுள்ள ஒருவரை அனுப்புவோம். செயற்குழு ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் கேட்டுப் பதியட்டும்.

பட்டியல் செயலாளரின் மேசையில் இருக்கிறது. போகுமுன் உங்கள் பத்துப் பெயர்களை எடுத்துச் செல்லுங்கள்.