எது அசல் டிஎல்எல்? ஹாஷ் சொல்வதும் சொல்லாததும்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரு நேயர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "என் கம்ப்யூட்டர்ல எஸ்எஸ்எல்ஈஏஒய்32 டிஎல்எல்னு ஒரே பேர்ல நாலு ஃபைல் இருக்குங்க. இதுல எது அசல்?" கேட்டதும் சிரிச்சிட்டேன். இதே ஃபைலால 2014-ல ஒரு காலைப்பொழுது முழுக்கத் திட்டு வாங்கினவன் நான்.

முதல்ல அது என்ன ஃபைல்னு பார்த்துடலாம். ஒரு மென்பொருள் இணையத்துல ரகசியமாப் பேசணும்னா, அதுக்கான குறியாக்கத்தைப் பெரும்பாலும் தானே எழுதிக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி ஒரு நூலகத்தை எடுத்துக்கும். விண்டோஸ்ல அந்த நூலகம் ரெண்டு டிஎல்எல் கோப்புகளா வரும். அதுல ஒண்ணுதான் இது. பேர்ல இருக்கிற ஈ, ஏ, ஒய் மூணும் எரிக் யங் என்பவரோட இனிஷியல். அவர் எழுதிய நூலகத்தில் இருந்துதான் 1998-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் கிளைத்தது. 2016-ல் 1.1.0 பதிப்பு வந்தப்போ கோப்போட பேரையே மாத்திட்டாங்க. பழைய மென்பொருள்கள் ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு பிரதியைத் தன் ஃபோல்டர்ல வெச்சுக்கும். அதனால நாலு இடத்துல இருக்கிறது பயப்படுற விஷயம் இல்லை.

இப்போ என் கதை. 2014 ஏப்ரல் 7. ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே தெரிஞ்ச நாள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரைக்கும் பாதிப்பு. ஒரு தடவை கேட்டா, எதிர்ப்பக்கத்து நினைவகத்தில் இருந்து 64 கிலோபைட் வரைக்கும் எடுத்துடலாம். அதுல கடவுச்சொல்லும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். 1.0.1ஜி-யில்தான் சரிசெஞ்சாங்க.

அப்போ நான் ஒரு மொத்த மருந்துக் கடையோட கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கிட்டிருந்தேன். சர்வர்ல தேடினா இந்த ஃபைல் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு பேக்கப் மென்பொருளோடது, இன்னொண்ணு பில்லிங் மென்பொருளோடது. ப்ராப்பர்ட்டீஸ் திறந்தா ரெண்டுலயும் 1.0.1இ. அதாவது ரெண்டும் ஓட்டை. சரி, ரெண்டு கம்பெனியும் அப்டேட் தரட்டும்னு நினைச்சேன்.

ஒரு ஆர்வத்துல ரெண்டுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்தேன். ஹாஷ்ங்கிறது கோப்புக்குக் கைரேகை மாதிரி. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாம மாறிடும். பேரை மட்டும் மாத்தினா அது அசையாது. பார்த்தா, பேர் ஒண்ணு, பதிப்பு ஒண்ணு, ஹாஷ் மட்டும் வேற வேற! ரெண்டையும் வைரஸ் ஸ்கேன் தளத்துல தேடினேன். பேக்கப்போட ஃபைல் ஏற்கெனவே பல பேர் ஏத்தினது, சுத்தம்னு காட்டுச்சு. பில்லிங்கோட ஃபைலை யாருமே பார்த்ததில்லை.

முடிஞ்சுது கதை, யாரோ உள்ளே புகுந்து ஃபைலை மாத்திட்டாங்கன்னு முடிவு பண்ணி, ராத்திரியோட ராத்திரியா அதை டெலிட் பண்ணிட்டேன். காலையில கடை திறந்தா பில் போட முடியலை. வாசல்ல வண்டிகள் நிக்குது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்னிக்கும் மறக்கலை.

பில்லிங் மென்பொருள்காரங்களுக்கு ஃபோன் போட்டேன். பேசின பையன் நிதானமா, "அண்ணே, அது நாங்க முந்தாநாள் அனுப்பின அப்டேட்டுதான். உடனே புதுப் பதிப்புக்கு மாற முடியலை. அதனால பழைய 1.0.1இ-யிலேயே ஹார்ட்பீட்டை அணைச்சு, திரும்பக் கம்பைல் பண்ணி அனுப்பினோம்" என்றான். புதுப் பதிப்புக்கு மாற முடியாதவங்க அப்படிச் செய்யலாம்னு ஓப்பன்எஸ்எஸ்எல் அறிவிப்புலயே சொல்லியிருந்தாங்க. தங்களோட ஹாஷை மெயில்ல அனுப்பினான். ரீசைக்கிள் பின்ல இருந்து எடுத்துவெச்ச ஃபைலோட ஒப்பிட்டேன். 64 எழுத்தும் அச்சு அசலாப் பொருந்துச்சு.

அதாவது, நான் வைரஸ்னு தூக்கிப் போட்டதுதான் ஓட்டை அடைச்ச ஃபைல். உலகத்துக்கே தெரிஞ்ச, சுத்தமான, அசல் ஃபைல்னு விட்டுவெச்சதுதான் ஓட்டை உள்ளது. அசல் 1.0.1இ-ன்னா, ஓட்டையும் அசல்தானே! அவசரப்பட வேண்டிய இடத்துல காத்திருந்தேன், விசாரிக்க வேண்டிய இடத்துல அவசரப்பட்டுட்டேன்.

அன்னிக்குப் புரிஞ்சது இதுதான். ஹாஷ் "இது எந்தக் கோப்பு" என்று மட்டும்தான் சொல்லும். "நல்ல கோப்பா" என்று சொல்லாது. பொருந்தினா, ரெண்டும் ஒரே கோப்புன்னு நம்பலாம். பொருந்தலைன்னா, வேற கோப்பு, அவ்வளவுதான். வேற கம்பைலர், வேற செட்டிங், ஒரு டிஜிட்டல் கையெழுத்து சேர்ந்தாக்கூட ஹாஷ் மாறிடும்.

அதனால நேயருக்கு என் பதில் இது. நாலு ஃபைலுக்கும் ஹாஷ் எடுங்க. விண்டோஸ்ல சர்ட்யூட்டில் கட்டளையே போதும், தனியா எதுவும் இறக்க வேண்டாம். எம்டி5 வேண்டாம், வேற வேற ரெண்டு கோப்புக்கு ஒரே எம்டி5 வர வைக்க முடியும்னு 2004-லேயே காட்டிட்டாங்க. எஸ்எச்ஏ-256 எடுங்க. அப்புறம் எந்த மென்பொருளோட ஃபோல்டர்ல இருக்கோ, அவங்ககிட்டயே கேளுங்க: "உங்க ஃபைலோட ஹாஷ் என்ன? ஓட்டை அடைச்சாச்சா?" ரெண்டு கேள்வியும் முக்கியம். ஒண்ணுக்கான பதில் இன்னொண்ணுக்கு ஆகாது. ஹாஷையும் ஃபைல் வந்த வழியிலேயே வாங்காதீங்க. அந்தத் தளத்துல ஒருத்தன் புகுந்து ஃபைலை மாத்தியிருந்தா, பக்கத்துல எழுதியிருக்கிற ஹாஷை மாத்த அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பதில் வர்ற வரைக்கும் எதையும் டெலிட் பண்ணாதீங்க. சந்தேகம் ரொம்ப இருந்தா நெட் இணைப்பைத் துண்டிச்சுட்டுக் காத்திருங்க. பில்லாவது ஓடும்.